துண்டுக்கடியில் மூன்றாவது கை

மாட்டுச் சந்தை கூடிக்கொண்டிருந்த வெளியில் பம்பு கம்பெனி வந்து உட்கார்ந்து, மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவர்களின் பிள்ளைகள் சர்ட்டிபிகேட்டைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்த பிறகு சேமக்காட்டூரில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு, அப்படியும் நடக்குமா என்று யாரும் கேட்க வேண்டாம், எங்கள் ஊரிலேயே யாரும் கேட்கவில்லை.

ஆள் எடுப்பதற்குக் கம்பெனி முதலில் கோயமுத்தூரிலிருந்து டை கட்டிய ஒரு தம்பியை அனுப்பியது. அந்தத் தம்பி ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்து, பக்கத்தில் நாலு பேர் காத்திருக்கும்போதே, "என்ன சம்பளம் எதிர்பார்க்கறீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டார். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் விலையைத் தன் வாயாலேயே, அதுவும் அடுத்த தோட்டத்துக்காரன் காதில் விழும்படி சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஊர் இது. அதிகம் கேட்டால் ஆசை பிடித்தவன் என்பார்கள், குறைத்துக் கேட்டால் போக்கற்றவன் என்பார்கள், அதனால் எல்லாரும் "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொருமிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வரிசையில் இருந்து யாரோ ஒருவர் எழுந்து, அது நான்தான் என்று இன்றுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை, "ஏனுங்க தம்பி, சந்தையில பேசற மாதிரி துண்டு போட்டுப் பேசிக்கலாமுங்களே, ஆருக்கும் சங்கடமில்லாம" என்று சொன்னார். ஆக, கயிற்றைக் கம்பெனிக்காரன் கொண்டுவரவில்லை. கழுத்தையும் நீட்டி, கயிற்றையும் நாங்களேதான் எடுத்துக் கொடுத்தோம்.

சந்தையில் மாட்டு விலை பேசுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விற்கிறவனும் தரகரும் கை கோத்துக்கொள்வார்கள், கைமேல் ஒரு துண்டு விழும், துண்டுக்கடியில் விரலைப் பிடித்தும் மடக்கியும் விலை நடக்கும், சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும். கம்பெனி இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் மகிழ்ந்துபோய், சந்தை போனதால் சும்மா இருந்த தரகர் சென்னியப்பனைக் கூப்பிட்டு, முழுக்கால் சட்டை தைத்துக் கொடுத்து, எச்.ஆர். மேனேஜர் என்று பலகை மாட்டிய ஏசி அறையில் பச்சைத் துண்டோடு உட்கார வைத்துவிட்டது. ஒரு விரலுக்கு ஐயாயிரம் என்று முடிவானது. அடுத்தடுத்த லேத்தில் ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேரில் ஒருவனுக்கு நாலு விரல், இன்னொருவனுக்கு இரண்டரை விரல். இருவருக்கும் அது தெரியாது, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சென்னியப்பன் மட்டும் பழைய பழக்கத்தில், வருகிறவர்களின் பல்லை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

இப்படி ஊரும் கம்பெனியும் ஒத்துப்போய்க்கொண்டிருந்த ஒரு தை மாசத்தில், ஐடிஐ முடித்த பூபதி என்ற பையன் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உள்ள மூணு கை இருக்குதுங்க" என்றான். தன்னுடையது ஒன்று, சென்னியப்பனுடையது ஒன்று, மூன்றாவதாக ஒரு கை எங்கிருந்தோ துண்டுக்கடியில் வந்து, தான் நீட்டியிருந்த நாலு விரலில் இரண்டை மெதுவாக மடக்கிவிட்டுப் போய்விட்டது என்றான். அடுத்துப் போனவனும் அதையே சொன்னான். அவனுக்கு வந்தது வளையல் போட்ட கை. அதற்கடுத்தவனுக்கு வந்த கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. சென்னியப்பனிடம் கேட்டபோது, "கை வருதுங்க, இல்லைங்கல, நாம என்ன பண்ண முடியும்? அதும்பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்" என்று சொன்னார். கம்பெனி, மூன்று கைக்கு இடம் போதாது என்று இன்னும் அகலமான துண்டாக ஒன்று வாங்கிக் கொடுத்தது.

ஊரில் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசினார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து, லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குத்தான் வேலை இருக்கிறதே, அவரிடம் எந்தக் கை வரும். பூசாரி, வியாழக்கிழமை வாசல் தெளித்து எலுமிச்சம்பழம் நசுக்கச் சொன்னார், நசுக்கினார்கள், அன்றைக்கு வந்த கை எலுமிச்சம்பழச் சாற்றோடு வந்தது. அது யாருடைய கை என்பதை டீக்கடை நாச்சிமுத்துதான் முதலில் சொன்னார். "இதுல என்ன கண்டுபுடிக்க இருக்குது? அந்த வேலை உன்னையவிட ஆருக்கு அதிகமா வேணுமோ, அவனோட கை அது" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் அந்த வாரத்திலேயே ஊரில் வேலையில்லாமல் இருந்தவர்களுக்குக் கை போக ஆரம்பித்திருந்தது.

கை போவது என்றால் வலியெல்லாம் இல்லை. முற்பகலில், கம்பெனியில் துண்டு விரிக்கிற நேரத்துக்கு, மணிக்கட்டில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, பிறகு சட்டைக் கையின் முனையில் ஒன்றும் இருக்காது. எனக்கும் போகும். எங்கேயோ ஒரு துணியின் இருட்டில் யாரோ ஒருவருடைய வியர்த்த விரல் தட்டுப்படும், மடக்கக் கூடாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை அதை மடக்கிவிட்டு வந்துவிடும். நாச்சிமுத்து அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்காமல் டீ கிளாஸை இடது கையில் கொடுத்தார். பஸ் கண்டக்டர் சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் பையனின் குலம், கோத்திரம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, செருப்பைப் போடும்போது குரலைத் தாழ்த்தி, "தம்பிக்குக் கை போகுமுங்களா?" என்று கேட்டார்கள். மனிதர்களுக்கு எதுதான் பழகாமல் போயிருக்கிறது.

கோகிலவாணி இந்த ஊருக்கு வந்தது இதெல்லாம் பழகிப்போன பிறகு. பல்லடம் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பம்புக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருந்தாள், பட்டறையை மூடிவிட்டார்கள். புருஷன் அதற்கு முன்பே விபத்தில் போய்விட்டான். ஒன்றாவது படிக்கிற ஒரே மகள் தன்ஷிகாவைத் தாராபுரத்தில் இருக்கும் நாத்தனார் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நாத்தனார் பொல்லாதவள் இல்லை, ஆனால் நறுக்கென்று பேசுகிறவள். "லேடீஸ் ஹாஸ்டல்ல கட்டில்ல படுத்துக்கிட்டுப் புள்ளையக் கேக்காத. கதவு வெச்ச ஊடு ஒண்ணு புடி. வேன் பீஸ் கட்ற அளவுக்குச் சம்பளம் வாங்கு. அன்னைக்கு வா, நானே புள்ளையக் குளிப்பாட்டி அனுப்பறேன்" என்றாள். கோகிலவாணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாடகை, அட்வான்ஸ், பள்ளிக்கூடம், வேன், தான் வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். ஐந்து விரல் வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் நாலு. மூன்று விரலுக்கு ஹாஸ்டல் கட்டில்தான்.

ஐந்து விரல் என்பது ஆசையும் இல்லை, நியாயமான விலைதான். கம்பெனியில் அவள் கேட்கப்போன வரைபட நாற்காலியில் முன்னால் உட்கார்ந்திருந்தவன் ஐந்து வாங்கினான் என்பதை, எங்கள் ஊரில் ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்து, நேரே அவன் வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அவன் பெண்டாட்டி இவளை ஏற இறங்கப் பார்த்தாளாம், சம்பளத்தைக் கேட்பதும் உடுப்பை அவிழ்க்கச் சொல்வதும் இங்கே கிட்டத்தட்ட ஒன்று. தான் போட்ட வரைபடத்தால் பட்டறையில் எவ்வளவு இரும்பு மிச்சமானது, எத்தனை அச்சு வீணாகாமல் தப்பியது என்றெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முதல் விலையைச் சென்னியப்பன் வாயிலிருந்து வரவைக்க வேண்டும், நம் விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது, பேசாமல் இருக்கிற நேரம் எவ்வளவு நீண்டாலும் அதை நாம் நிரப்பக் கூடாது என்று ஹாஸ்டல் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள். பக்கத்துக் கட்டில்காரி பிலோமினா அவளுக்குச் சென்னியப்பனாக உட்கார்ந்தாள். இவ்வளவு ஆயத்தமாக எங்கள் ஊரில் யாரும் அந்த அறைக்குள் போனதில்லை.

சென்னியப்பன் அவள் பல்லைப் பார்த்தார், வரைபடங்களைப் புரட்டினார், துண்டைப் போட்டார்.

"சொல்லு அம்மிணி, எவ்வளவு எதிர்பாக்கற?"

"நீங்க சொல்லுங்ணா மொதல்ல."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சந்தையில் கிழவர்கள் சொல்வது இது. இரண்டு விரலைப் பிடித்தார். அவள் ஐந்தையும் விரித்தாள், இரும்பையும் அச்சையும் பற்றிச் சொன்னாள், அந்த நாற்காலிக்குக் கம்பெனி முன்னால் என்ன கொடுத்தது என்பது தனக்குத் தெரியும் என்றாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மூன்றுக்கு வந்தார். அவள் பேசவில்லை. அவர் மூன்றரைக்கு வந்தார். அப்போதுதான் மூன்றாவது கை வந்தது. காய்ப்பு விழுந்த ஆண் கை, ஒரு விரலில் நகம் இல்லை, வந்து அவள் சுண்டுவிரலைத் தொட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு கணம் தயங்கி, மடக்கியது. அடுத்ததை மடக்கியது.

"ஏனுங்க, நீங்க ஆராச்சும் இருந்துட்டுப் போங்க, கைய எடுங்க" என்று அவள் துண்டைப் பார்த்துச் சொன்னாள்.

கை விலகவில்லை. மூன்றாவது விரலை அது பிடித்தபோது கோகிலவாணி தன் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டாள். "போனா இந்தச் சீட்டு வராது அம்மிணி" என்று சென்னியப்பன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள். மடங்கிய விரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான். அன்றைக்கு டீக்கடையில் பாதிப் பேர் அவளைத் தைரியசாலி என்றார்கள், பாதிப் பேர் திமிர் பிடித்தவள் என்றார்கள், இரண்டு தரப்பாருமே அவள் உருப்படமாட்டாள் என்பதில் ஒன்றாக இருந்தார்கள்.

அந்த நாற்காலி இரண்டு விரலுக்கு ஒரு பெரியவருக்குப் போனது. ஒரு மாசம் கழித்து பஸ்ஸில் அவர் எழுந்து கோகிலவாணிக்கு இடம் கொடுத்தார். கம்பியைப் பிடித்திருந்த கையில் ஒரு விரலுக்கு நகம் இல்லை. அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி. கை எம்பேச்சைக் கேக்கல."

"எனக்கும் இப்பப் போகுதுங்க" என்றாள் அவள்.

ஆமாம், போக ஆரம்பித்துவிட்டது. வரைபடம் போடுகிற கை என்பதால் அது நுணுக்கமாக வேலை செய்தது. எதிராளிக்கு வலிக்காமல், எந்த மூட்டில் அழுத்தினால் விரல் தானாக மடங்குமோ அங்கே அழுத்தியது. ஒவ்வொரு தடவை திரும்பி வந்த பிறகும் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தாராபுரத்திலிருந்து போன் வரும்.

"அம்மா, வேலை கெடைச்சுருச்சா?"

"இன்னும் இல்ல கண்ணு."

"எப்பக் கெடைக்கும்?"

"பேசிட்டு இருக்கறேன் கண்ணு. நல்ல சம்பளமாக் கெடைக்கோணுமல்ல?"

"சம்பளமெல்லாம் வேண்டாம்மா, வேலை மட்டும் வாங்கிட்டு வா" என்று தன்ஷிகா சொன்னாள். ஆறு வயசுக்கு விரல் கணக்கெல்லாம் எப்படித் தெரியும். வேலை கிடைத்தால் அம்மா வருவாள் என்று அதற்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அதை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தோழர் மாசிலாமணிக்கு இந்தச் சமயத்தில்தான் ஒரு யோசனை வந்தது. அவர் முன்பு சங்கத்தில் இருந்தவர், எதையும் கூட்டம் போட்டுத்தான் நினைப்பார். கை போகிறவர்களையெல்லாம் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச்சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்து, "கை கம்பெனியோடதில்லீங்க, நம்முளது. நம்ம கை மடக்கலீன்னா அங்க ஒருத்தன் விரலும் மடங்காது. வர்ற திங்கக்கெழமை ஆருமே மடக்காதீங்க, அவ்வளவுதான், வேறொண்ணும் செய்ய வேண்டியதில்ல" என்றார். எவ்வளவு எளிமையாக இருந்தது அது. இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோகிலவாணி எழுந்து, விரலை எப்படி விறைப்பாக வைத்துக்கொள்வது என்று எல்லாருக்கும் காட்டினாள். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் மனிதர்கள் விரலை விரித்து விரித்துப் பயிற்சி எடுத்தார்கள், நாச்சிமுத்து கடன் கேட்காமல் டீ கொடுத்தார், எனக்கே என்னவோ நம்பிக்கை வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் மண்டபத்தில் கூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரம் வந்தது, சட்டைக் கைகள் காலியாயின. நான் என் விரல்களை விறைத்துப் பிடித்திருந்தேன், சத்தியமாகப் பிடித்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் கோகிலவாணியின் நெற்றியில் வியர்வை ஓடியது. அவள் கையும் மடக்கவில்லை. ஆனால் அவள் கைமேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. வெடித்துப் போன தோல், நம் பக்கத்துக் கை இல்லை, எங்கோ தூரத்தில் நம் பாஷை பேசாத ஊரில் ரயிலுக்குக் காத்து உட்கார்ந்திருக்கிற கை. அது அவள் கையையும் சேர்த்து, அடியில் இருந்த விரலையும் சேர்த்து, ஒரே அமுக்கில் மடக்கிவிட்டது. எனக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான். அன்றைக்குக் கம்பெனியில் ஏழு பேரை ஒன்றரை விரலுக்கு எடுத்தார்கள், அதுவரைக்கும் அவ்வளவு மலிவாகப் போனதே இல்லை.

மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொருவரும், "நான் மடக்கலீங்க" என்று சொன்னார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது. மாசிலாமணி ஜெராக்ஸ் கடைக்குப் போய் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

மழைக்காலம் வந்தது. வேலையில்லாதவர்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். நகமில்லாத பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதால் கம்பெனி அவரை நிறுத்திவிட்டு, கோகிலவாணிக்குத் தானாகவே ஆள் அனுப்பியது. அவசரமான ஆர்டர் ஒன்று இருந்தது, அந்த வரைபடத்தைப் போடத் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். பிலோமினா அவளுக்குத் தன்னுடைய நல்ல புடவையைக் கொடுத்து அனுப்பினாள். இந்தத் தடவை தராசு நம் பக்கம் சாய்கிறது என்று டீக்கடையிலும் பேசிக்கொண்டார்கள்.

சென்னியப்பன் துண்டைப் போட்டார். அவர் இரண்டு விரலைப் பிடித்தார், அவள் ஐந்தை விரித்தாள், பிறகு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கை வரவில்லை. சென்னியப்பன் துண்டை ஒரு தரம் பார்த்தார். மூன்றுக்கு வந்தார். கை வரவில்லை. அவர் நாலுக்கு வந்தார், நாலில் நின்று, தன் இன்னொரு கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சந்தையில் அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஐந்துக்கு வரப்போகிறார் என்று அதற்கு அர்த்தம். கதவு வைத்த வீடு அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அப்போது ஒரு கை வந்தது. சின்னக் கை. அது விரலை மடக்கத் தெரியாமல், ரோட்டைத் தாண்டும்போது பிள்ளைகள் பிடித்துக்கொள்கிற மாதிரி அவள் சுண்டுவிரலை முழுசாகப் பிடித்துக்கொண்டது. அந்த வேலை அவளைவிட அதிகமாக இன்னும் யாருக்கு வேண்டியிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெற்றவளுக்கு அடையாளம் எதற்கு.

"கண்ணு" என்றாள். "வேண்டாம் கண்ணு, உடு. அம்மா பேசிட்டு இருக்கறேன்."

கை விடவில்லை. சம்பளமெல்லாம் வேண்டாம், வேலை மட்டும் போதும் என்று அது சுண்டுவிரலை இழுத்து மடக்கியது.

சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயிரம் கைகளைப் பிடித்துப் பார்த்த மனிதர், அவருக்கும் தெரிந்துவிட்டது. "அம்மிணி" என்றார், அவர் குரல் அப்படித் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "நாலுல முடிச்சுக்கறேன். சட்டுனு கைய வெளிய எடுத்துரு. நாலுன்னு எழுதிக்கறேன்."

எடுத்திருக்கலாம். அவர் வாயால் நாலு சொல்லிவிட்டார், நாலு விரலுக்கு அந்த வீடு உண்டு, கையை உருவ வேண்டியது மட்டும்தான் பாக்கி, முன்னால் ஒரு தடவை உருவியவள்தானே. ஆனால் உருவினால் அந்தச் சின்னக் கை போய்விடும். சித்திரையில் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் விட்ட கை அது, இப்போது ஐப்பசி. கோகிலவாணி கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று வைத்திருந்தாள். அவள் வைத்திருந்த அத்தனை நேரமும், அம்மா சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று அந்தக் கை ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிக்கொண்டே இருந்தது, அவளும் ஒவ்வொரு விரலையும் அதற்குக் கொடுத்துக் கொடுத்து நேரத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் இரண்டு தரம், "அம்மிணி" என்றார். பிறகு கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில் தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம். சட்டைக் கையின் முனையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்த டீச்சர், அவள் ஊரிலும் இது பழகிவிட்டதால், எழுப்பாமல் விட்டுவிட்டாளாம். அங்கே சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளை கண் விழித்தபோது, இங்கே துண்டுக்கடியில் கோகிலவாணியின் கைக்குள் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. சென்னியப்பன் நல்ல மனிதர்தான், ஆனால் துண்டுக்குள் நிற்பதைத்தான் அவர் எழுத முடியும். அது அவர் பிழைப்பு. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுதினார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு அம்மிணி" என்றார்.

அவள் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். நல்ல வரைபடங்கள் போடுகிறாள், கம்பெனியில் எல்லாரும் புகழ்கிறார்கள். அந்த ஒரு விரல் சம்பளத்தில் ஹாஸ்டல் கட்டில் போக, பஸ்ஸுக்கும் சோப்புக்கும் சரியாக இருக்கிறது. கை போவது நின்றுவிட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததைப் பிலோமினா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாளாம்.

"அம்மா, வேலை கெடைச்சுருச்சா?"

"கெடைச்சுருச்சு கண்ணு."

"எனக்குத் தெரியும்! நான் கனவுல வந்து உன்ற கையப் புடிச்சனே, அதனாலதான கெடைச்சுது?"

"ஆமா கண்ணு. அதனாலதான்."

"அப்ப எப்பம்மா வர்ற?"

இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை, கோகிலவாணி மடியில் இருந்த கையை விரித்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள் என்று பிலோமினா சொன்னாள்.